கூண்டுக்குள் ஒரு சக்களத்தி

பட்டறைக்காரருக்கு வாழ்க்கைப்படுவதும் ஓர் உத்தியோகம்தான். லீவு மட்டும் கிடையாது. வேலையைக் கட்டிக்கொண்ட மனுஷனைக் கட்டிக்கொண்டு அவதிப்படும் சகோதரிகளே, இது உங்களுக்குத்தான். தர்மபுரியில் எங்கள் வீட்டுக்காரர் கிணற்றுப் பம்புகளுக்கு, ஏறின தண்ணீர் திரும்பி இறங்காமல் அடைக்கும் ஃபுட் வால்வு செய்துகொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். அறுபதுகளின் கடைசியில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

ஜீப்பில் வந்தவள்

இறங்கியவள் ஸ்டெல்லா. கான்வென்ட்டில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. அவள் டாக்டருக்குப் படிக்கப் போனாள். என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இப்போது மதராஸில் இதய ஆபரேஷன் செய்கிறவளாம். வெளிநாட்டு வால்வு கிடைக்காமல் நோயாளிகள் சாகிறார்கள், அதனால் இங்கேயே ஒன்று செய்து பார்க்கிறார்களாம். கட்டைவிரல் அளவில் ஒரு கம்பிக் கூண்டு, உள்ளே ஒரு ரப்பர் உருண்டை. ரத்தம் தள்ளினால் உருண்டை விலகி வழிவிடும். திரும்பி வரப் பார்த்தால் போய் அடைத்துக்கொள்ளும். கூண்டுக் கம்பி உருண்டையை உரசுவதால் எங்கள் பட்டறையைத் தேடி வந்திருந்தாள். முதல் வால்வு பென்னாகரத்துப் பச்சையம்மாவுக்கு. இரண்டு பிள்ளை பெற்றவள், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குமாம்.

எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கூண்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். ஸ்டெல்லா ஒரு வாய் குடித்தாள். "காப்பி நல்லாருக்குடி. நீ இங்கேயேதான் இருக்கியா?"

காரிமங்கலத்துக் கடலைக்காய்

அதற்குப் பிறகு பம்பு வால்வுகள் மூலையில் குவிந்தன. அவர் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கம்பிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். காரிமங்கலத்து விவசாயி மாதப்பன் பம்பு வால்வு கேட்டு மூன்றாவது முறையாகப் பஸ் ஏறி வந்து நின்றார். "அவர் மனுஷ நெஞ்சுக்கு வால்வு செய்யறாருங்க" என்றேன். எவ்வளவு அடக்கியும் குரலில் புளிப்பு இறங்கிவிட்டது.

மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "செய்யட்டுங்க அக்கா, வேணாங்கல. என் கடலைக்காயி கொல்லையில தண்ணியில்லாம செத்துக்கிட்டிருக்குது, அதுக்கு யாரு ஆப்பரேசன் பண்றது?"

பரிசலில் மூவர்

சண்டை போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லுக்கு இழுத்துப் போனேன். புதுச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். பரிசலில் ஏறியதும் இவர் ஒரு பாறைக்குப் பின்னால் சுழன்ற நுரையைக் காட்டினார். "பாத்தியா, ஓடற தண்ணி அங்க போய்த் தேங்குது. கூண்டுக் கம்பிக்குப் பின்னாலயும் ரத்தம் இப்படித்தான் தேங்கி உறையும். கம்பியை இன்னும் மெலிசாக்கணும்." திரும்பும்வரை தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பரிசலில் நாங்கள் இருவர் மட்டும் இருந்ததாக யார் சொன்னது?

கரை சேர்ந்ததும் பரிசல்காரர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஐயா எதையாச்சும் தண்ணியில போட்டுட்டாருங்களா அம்மா?"

கறிக்குழம்பு

பட்டறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீரை ஒரு குட்டிப் பம்பு சுற்றிவிட, வால்வு மூன்று மாதமாக டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. பச்சையம்மாவின் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அன்று ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தேன். மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டேன். "ஸ்டெல்லாம்மா வரச் சொன்னாங்க" என்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு மதராஸ் பஸ் ஏறிவிட்டார். பத்து நாளாகும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழுப்பு மிதந்த குழம்பைச் சட்டியோடு தூக்கிப்போய்த் தொட்டியில் கவிழ்த்தேன். சாப்பிடட்டும், இந்த வீட்டில் கூண்டுக்குள் இருக்கும் இந்தச் சக்களத்திக்குத்தானே ராஜமரியாதை! கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் திரும்பி வந்து திறந்தபோது சத்தம் நின்றிருந்தது. லேத்துக்கார இப்ராகிம் பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு வால்வை எடுத்தார். உருண்டை உப்பிக் கூண்டுக்குள் சிக்கியிருந்தது. பாய் அதை நசுக்கிப் பார்த்தார். "ரப்பரு கொழுப்பைக் குடிச்சிருக்குது தங்கச்சி. ஆமா, ரத்தத்துலயும் கொழுப்பு உண்டுல்ல?"

அளவு

எங்கள் வீட்டுக்காரர் திண்டாடிப்போனார். பம்புக்காரர் புத்தி, தண்ணீரில் ஓடினால் போதும் என்று இருந்துவிட்டார். படித்தவர்களுக்கும் அது தோன்றவில்லை. தந்தி பறந்தது, ஆபரேஷன் தள்ளிப்போனது. மறுநாளே ஸ்டெல்லா வந்து இறங்கினாள், முகத்தில் ரத்தமே இல்லை. "ஒரு சோதனைக்காக நாங்களே ஊத்தினோம்" என்று இவர் என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். அதையும் இவர் கணக்கிலேயே எழுதிக்கொள்வாரா? "நான்தான் ஊத்தினேன். உன் மேல எரிச்சல்ல ஊத்தினேன்" என்றேன்.

திட்டுவாள், அழுவாள், காலில் விழுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அவள் பேனாவைத் திறந்தாள். "எவ்வளவு ஊத்தினே? எத்தனை நாள் ஊறிச்சு? சரியா சொல்லுடி, எழுதிக்கணும்."

டிக் டிக்

உருண்டை போய், கெட்டிப் பிளாஸ்டிக்கில் தட்டையாக ஒரு வில்லை வந்தது. அதை எண்ணெய், நெய், கொழுப்பு எல்லாவற்றிலும் என் சமையலறையிலேயே ஊறவைத்தோம். பிறகுதான் பச்சையம்மாவின் நெஞ்சுக்குள் போனது. அடுத்த வருஷம் அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்து தானே நடந்து, ஒரு கூடை மாங்காயோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லமாட்டேன். இவரோ ஓர் அடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு அவள் நெஞ்சிலிருந்து வந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சொக்கல். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

பச்சையம்மா என் காதருகே குனிந்தாள். "வந்ததுலருந்து எம் மூஞ்சிய ஒருக்காகூட பாக்கலீங்க அக்கா. வூட்ல உங்ககிட்டயும் இப்படித்தானுங்களா?"

என் பொறாமையால் ஒரு வால்வு திருந்தியது உண்மை. நானும் திருந்திவிட்டதாக யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.