ஆளில்லாத கிரேன் தலையாட்டியது

என் அண்ணனைத் துறைமுகத்தில் பருந்து என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்தவன் எவனோ, சரியாகத்தான் வைத்திருக்கிறான். கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட ஒரு கூண்டுக்குள் குனிந்து உட்கார்ந்து, கீழே பார்த்துப் பார்த்தே அவனுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. கழுத்து இனிமேல் நிமிராது. கல்யாணப் போட்டோவில்கூடத் தன் கால் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்க்கவில்லை. அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

கப்பலிலிருந்து பெட்டி இறக்குவது அவன் வேலை. பெட்டி என்றால் கன்டெய்னர். துறைமுகத்தில் யாரும் கன்டெய்னர் என்று வாய் வலிக்கச் சொல்வதில்லை. கிரேனிலிருந்து தொங்கும் இரும்புச் சட்டம் பெட்டியின் நான்கு மூலையையும் கவ்விக்கொள்ளும், இவன் மேலிருந்து தூக்குவான். அதற்கு முன்னால் கப்பல் தளத்தில் சிலர் இறங்கி, பெட்டிகளைக் கட்டியிருக்கும் கம்பிகளை அவிழ்த்து, மூலைப் பூட்டுகளைத் திறந்துவிட வேண்டும். அந்தக் கும்பலில் ஒருவர்தான் என் வீட்டுக்காரர். அண்ணன் பார்த்து வைத்த மாப்பிள்ளை. "மேலேருந்து ரொம்ப நாளா பாத்துட்டிருக்கேன், பையன் அவசரப்பட மாட்டான்" என்று சிபாரிசு செய்தான். ஆளுடைய உச்சந்தலையைத் தவிர வேறெதையும் பார்த்திராதவனின் சிபாரிசு! நானும் சரி என்றுவிட்டேன்.

மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவருக்கும் பேச்சு கிடையாது. காற்றிலும் இரைச்சலிலும் வாக்கிடாக்கி கரகரக்குமே தவிர ஒன்றும் விளங்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஒரு பூட்டு சிக்கிக்கொண்டால் கீழே இருப்பவர் கையை உயர்த்திக் காட்டுவார். மேலே இருப்பவன் அந்த இரும்புச் சட்டத்தை ஒரு சாண் தூக்கி இறக்குவான். அதற்குத் தலையாட்டல் என்று பெயர். 'பார்த்துட்டேன், நீ வெளியே வர்ற வரைக்கும் அசைக்க மாட்டேன்' என்று அர்த்தம். அது கிடைத்த பிறகுதான் ஆள் இரண்டு பெட்டி வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் நுழைவார். எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் இதை நம்பித்தான் அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கப்பல்கள் பெருத்தன. அவை உள்ளே வருவதற்காகக் கடலடியைத் தோண்டி ஆழமாக்கினார்கள். பக்கத்துத் துறைமுகக்காரனும் சும்மா இருப்பானா, அவனும் தோண்டினான். 'அங்கே சீக்கிரம் இறக்குகிறார்கள், நீங்கள் தாமதம் செய்கிறீர்கள், அடுத்த முறை அங்கேயே போய்விடுவோம்' என்று கப்பல் கம்பெனிகள் மிரட்ட ஆரம்பித்தன. அந்தப் பயத்தில் வந்ததுதான் ஆளில்லாத கிரேன். கூண்டுகளைப் பூட்டினார்கள். கிரேன் ஓட்டிகளில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதிப்பேரைத் தூரத்தில் ஒரு கட்டடத்தில், ஜன்னலே இல்லாத ஏசி அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

நானும் அந்த அறைதான். முன்பு வாசல் கேட்டில் லாரி நம்பர்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கேமரா தானாகவே நம்பரைப் படிக்க ஆரம்பித்ததும் என் நாற்காலி போய்விட்டது. கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பயிற்சிக்குள் நுழைந்தேன். அண்ணனுக்குப் பக்கத்து மேஜை. முதல் நாள் அவன் திரையைப் பார்க்காமல் காலுக்குக் கீழே இருந்த கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கப்பல் அங்க இல்ல, இங்க இருக்கு" என்றேன்.

"சும்மா இருடி. கழுத்து பழகணும்ல."

ஓட்டுவது என்று சொல்கிறேனே தவிர, ஓட்டுவதெல்லாம் இயந்திரம்தான். நாங்கள் ஆளுக்கு மூன்று கிரேன்களை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது திணறினால் மட்டும் கை வைக்கலாம். மேஜையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் அந்தக் கப்பல் நிற்கும் இடத்தில் இருக்கிற அத்தனை கிரேனும் நின்றுவிடும். காரணமில்லாமல் அமுக்கினால் அமுக்கியவன் கதி அதோகதிதான். எங்கள் ஷிப்ட் மேனேஜருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பட்டப்பெயர், பாத்ரூம் போனால்கூட "இவ்வளவு நேரமா?" என்பார். அண்ணன் அதற்கு முன்பே இரண்டு தடவை அமுக்கியிருந்தான். ஆள் என்று பயந்தது ஒரு தடவை கடல்காகம், ஒரு தடவை காற்றில் பறந்த தார்ப்பாய். "இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்கள வச்சுக்க முடியாதுங்க" என்று மரியாதையாகவே சொல்லியிருந்தார்கள். இந்த வயதில், அந்தக் கழுத்தோடு, அவனுக்கு வேறெங்கே வேலை கிடைக்கும்?

கப்பல் தளத்துக்கும் புது விதி வந்திருந்தது. இயந்திரம் ஓடும்போது இடுக்கில் யாரும் நுழையக் கூடாது. போனில் கேட்டு, அந்த வரிசையை நிறுத்தச் சொல்லி, அனுமதி வந்த பிறகுதான் நுழைய வேண்டும். அனுமதி வருவதற்குள் பொழுது போய்விடும். ஏன் தாமதம் என்று ஒருவன் கத்துவான், ஏன் விதியை மீறினாய் என்று இன்னொருவன் கத்துவான். அதனால் எல்லாரும் பழையபடி கையைக் காட்டிவிட்டு நுழைந்துகொண்டுதான் இருந்தார்கள். மேலே கூண்டு காலி என்று தெரியாதா? தெரியும். பழக்கம் விடவில்லை. அதைவிட மோசம், அவர்கள் கை காட்டினால் பதில் வந்துகொண்டிருந்தது.

அன்று மதியம் ஒரு பெரிய கப்பல். கடல் நீர்மட்டம் இறங்குவதற்குள் அது கிளம்பியாக வேண்டும் என்று ஸ்டாப்வாட்ச் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். அண்ணனின் நடுத்திரையில் வெயில் கேமராவில் நேராக விழுந்து பாதிப் படம் வெளுத்திருந்தது. ஓரத்தில் ஒரு கை உயர்ந்தது. முழங்கைக்குக் கீழே நீலத் துணி சுற்றிய கை. காலையில் அந்தத் துணியைச் சுற்றிவிட்டவளே நான்தான். இயந்திரம் பெட்டியைக் கவ்வி, ஒரு சாண் தூக்கி, இறக்கியது. எடை சரிதானா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு பெட்டிக்கும் அது அப்படிச் செய்யும். நாங்கள் தினமும் பார்ப்பதுதான். அந்த நிமிஷம்தான் அண்ணனுக்கு உறைத்தது.

"ஐயோ, அது தலையாட்டல்டா! மாப்ளே, போகாத! போகாதடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான். கண்ணாடித் திரைக்குக் காது இருக்கிறதா என்ன! கை மறைந்துவிட்டது. பெட்டி மேலே எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்த இடுக்கை நோக்கி ஆடியது. அண்ணன் சிவப்புப் பொத்தானை முஷ்டியால் குத்தினான்.

எல்லாம் நின்றது. பெட்டி அந்தரத்தில் தொங்கியது. ஸ்டாப்வாட்ச் ஓடி வந்தார். கப்பலிலிருந்து போன் மேல் போன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் முதுகெல்லாம் சிராய்த்து, சட்டையைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டி அவரை உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் நாலு அடி போடலாம் போலிருந்தது.

கப்பல் நீர்மட்டத்தைத் தவறவிட்டது. விசாரணை வைத்தார்கள். திரையில் தெரிந்த அளவுக்குக் கேமரா பதிவில் தெளிவில்லை, அந்த ஓரமும் வெறும் வெள்ளை வெளிச்சம்தான். "ஆள் இருந்தாரா?" என்று கேட்டதற்கு அண்ணன், "நிழலப் பாத்து ஏமாந்துட்டேன் சார். யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டான். ஆள் இருந்தார் என்றால் விதியை மீறியவரின் நுழைவு அட்டை ரத்து. இந்தக் கடற்கரையில் எந்தத் துறைமுகத்துக்குள்ளும் அவர் கால் வைக்க முடியாது. ஆள் இல்லை என்றால் அண்ணனுக்கு வேலை இல்லை. தளத்தில் இருந்தவர்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, நடுவில் பாக்கியிருந்த ஒரே சாட்சி பக்கத்து மேஜைக்காரி. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

விசாரணை நடந்த அன்று மாலை இருவரும் என் சமையலறையில் சண்டை போட்டார்கள்.

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன் மச்சான். என்னாலதானே இவ்வளவும்" என்றார் இவர்.

"வாய மூடு. உனக்கு வயசிருக்கு, நீ கப்பல்ல ஏறி வேலை செய்யணும். நான் கிழவன், ஏதாவது வாச்மேன் வேலை பாத்துக்கறேன்."

"உங்க கழுத்த வச்சுக்கிட்டு வாச்மேனா? திருடன் வந்தா அவன் செருப்பத்தான் அடையாளம் சொல்வீங்க."

அண்ணனே சிரித்துவிட்டான். பிறகு என்னைப் பார்த்து, "யாரையும் பாக்கலன்னு சொல்லு தங்கச்சி. உன் தாலிக்கு வந்தது என் வேலையோட போகட்டும்" என்றான். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதில் குறியாக இருந்தார்கள். நாளைக்கு இன்னொருவன் கையைத் தூக்குவான், இயந்திரம் தலையாட்டும், அவன் உள்ளே போவான். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆள் இல்லை என்று நான் சொன்னால் அந்தத் தூக்கலை ஏன் நிறுத்தப் போகிறார்கள்?

காலையில் போய்ச் சொன்னேன். "ஆள் இருந்தார் சார். என் வீட்டுக்காரர். கிரேன் தலையாட்டிச்சு, அத நம்பி உள்ள போனார்."

"மெஷின் எப்படிம்மா தலையாட்டும்?"

விளக்கினேன். மேஜை மேலிருந்த டம்ளரை ஒரு சாண் தூக்கி இறக்கிக் காட்டினேன். "அத மட்டும் நிறுத்துங்க சார். வேற எதுவும் கேக்கல." நல்ல மனிதர்கள்தான், கேட்டார்கள், எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார்கள். அந்த வாரமே இவருடைய நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அண்ணனுக்கு வேலை மிஞ்சியது. கிரேன் செய்த கம்பெனியோ, எடை பார்க்காமல் தூக்க முடியாது என்று சொல்லிவிட்டது. தளத்தில் ஒரு மஞ்சள் பலகை வைத்தார்கள், 'இயந்திரம் ஓடும்போது நுழையாதே' என்று.

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். "உன் புருஷன் சோத்தப் பிடுங்கி எனக்குப் போட்டுட்டியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான், அவ்வளவுதான். அவன் கை எப்போதும் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அமுக்கத்தான் பயம்.

இவர் லாரி கழுவும் இடத்தில் கிடைத்த நாளில் வேலை, கிடைக்காத நாளில் வீடு என்று ஆகிவிட்டார். சாப்பாடு இறங்குவதில்லை. நான் வாசலில் நுழையும்போதே கேட்பார்: "அத நிறுத்திட்டாங்களா?" இன்னும் இல்லை, பேசிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நேற்று அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நிறுத்திட்டாங்க" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமாதான். சாப்பிடுங்க."

எத்தனையோ நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்தது. பெரிய கவளமாக உருட்டினார். "அப்ப நம்ம கஷ்டப்பட்டது வீண் போகல, என்ன? பசங்க பாவம், பயந்துக்கிட்டே நிக்கறாங்க. கை காட்டினா வர்ற பதில நம்பறதா வேண்டாமான்னு தெரியாம. நாளைக்குக் காலையில கேட்டுக்குப் போறேன். மெஷின் தானா ஆட்டறத நிறுத்திட்டாங்க, இனிமே அது ஆடினா ஏசி ரூம்ல யாரோ பாத்துட்டுத்தான் ஆட்டறாங்கன்னு அர்த்தம், தைரியமா உள்ள போங்கடான்னு சொல்லிட்டு வந்துடறேன்."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"போகாதீங்க" என்றேன்.

"ஏன்? நல்ல சேதிதானே?"

"நிறுத்தலைங்க. இன்னைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆட்டிக்கிட்டுதான் இருக்கு. நீங்க சாப்பிடணுமேன்னு பொய் சொன்னேன்."

அவர் கையில் இருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, எழுந்துபோய்க் கை கழுவினார்.