இருபத்து மூன்றாம் பாடம்

என் அக்காவுக்கு அவள் வேலை பார்த்த இடத்தில் பெயர் கிடையாது. இருபத்து மூன்று என்றால் அக்கா. 'இருபத்துமூணு வந்துட்டாங்களா?' என்று அலுவலக அறையில் கேட்பார்கள், அக்காவும் தலையாட்டிக்கொண்டு போவாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். கடிக்கத் தெரிந்த நான் மருந்துக்கடை கவுண்டரில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் பயிற்சி நிலையம் அது. புத்தகத்தில் முப்பது பாடங்கள். அதை நடத்துகிற தாடிக்காரர் ஆரம்பத்திலேயே ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். ஒரு வகுப்பை ஒரே ஆள் முழுதாக நடத்துவது வீண் வேலையாம். ஆளுக்குச் சில பாடங்கள், அதையே எல்லா வகுப்புக்கும் திரும்பத் திரும்ப நடத்தினால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்களாம். அப்படித்தான் அங்கே ஆட்களுக்குப் பாட எண்ணே பெயரானது. வணக்கம் சொல்லவும் நலம் விசாரிக்கவும் கற்றுக்கொடுத்த கலகலப்பான அம்மாள் ஒண்ணாம் பாடம். கடையில் சாமான் வாங்கச் சொல்லிக்கொடுத்தவர் எட்டாம் பாடம்.

இருபத்து மூன்றாம் பாடத்தை யாரும் தொட மாட்டார்கள். அது பிரெஞ்சு வினைச்சொல்லின் ஒரு வடிவம். பிரெஞ்சுக்காரர்களே இப்போது பேச்சில் அதைப் பயன்படுத்துவதில்லையாம், பழைய புத்தகங்களில் மட்டும் இருக்கிறதாம். ஆனால் தேர்வில் வருடம் தவறாமல் அதிலிருந்து பத்து மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா தடித்த இலக்கணப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அதைக் கரைத்துக் குடித்தாள். அப்புறம் என்ன, அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

பத்தொன்பது வருடம் அந்த ஒரு பாடம். ஒரு வகுப்புக்கு நான்கு நாள். காலை, மதியம், மாலை என்று எத்தனையோ வகுப்புகள், ஏதாவது ஒன்று எப்போதும் இருபத்து மூன்றில் வந்து நிற்கும். நான்கு நாள் முடிந்ததும் பிள்ளைகள் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். ஐந்தாவது நாள் மாடிப்படியில் பார்த்தால் பாதிப் பேருக்கு அக்காவை அடையாளம் தெரியாது.

கற்றுக்கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கதைப் புத்தகங்களில் வருகிற ஓர் இறந்தகாலம் உண்டு, அதில் 'நீ' என்பதற்கான வடிவத்தை முதலில் எடு என்பாள். 'நீ பேசினாய்' என்றால் 'பார்லா'. அதன் பின்னால் ஒரு 'ஸ்' வாலை ஒட்டினால் 'நான்' என்பதற்கு இருபத்து மூன்றாம் பாடத்து வடிவமான 'பார்லாஸ்' தயார். 'அவன்', 'அவள்' என்று வந்தால் மட்டும் அந்த வால் கிடையாது. உயிரெழுத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு குறி, கடைசியில் வாய் திறந்து சொல்லாத ஓர் எழுத்து. இதற்கெல்லாம் அட்டையில் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தாள். சொல் வெள்ளை, வால் சிவப்பு, தொப்பி கறுப்பு. உயிரெழுத்து ஒலிக்கு ஒன்றாக நான்கு காலி மாத்திரை டப்பாக்கள் நான் கொண்டுவந்து கொடுத்தேன். அவளுக்கு நான் செய்த உபகாரம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

ஒருவர் விரும்பினார், பயந்தார், சந்தேகப்பட்டார் என்று முன்னால் வந்தால், பின்னால் வருகிற வினை அந்த வடிவத்தை எடுக்கும். விரும்பியது நடந்ததா இல்லையா என்று அது சொல்லாது. பழைய நடை என்பதால் எடுத்துக்காட்டும் பழையதுதான். மந்திரி வரவேண்டுமென்று ராஜா விரும்பினார், மகன் போருக்குப் போய்விடுவானோ என்று ராணி பயந்தாள். அக்காவின் பிரெஞ்சில் ஒருத்தரும் காப்பி குடிக்க மாட்டார்கள், ஒருத்தருக்கும் தலைவலி வராது என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

வீட்டுக் கதை சின்னது. அப்பா முன்பே போய்விட்டார். நான் கல்யாணமாகி ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோன வருடமே அம்மா படுக்கையில் விழுந்தாள். பதினோரு வருடம். அக்கா வகுப்பு விட்டு நேரே வீட்டுக்கு ஓடிவருவாள், அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பாள், துணி மாற்றுவாள். நான் ஞாயிற்றுக்கிழமை வருவேன், மருந்து கொண்டுவருவேன், அக்காவுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவேன். அம்மா போய் நாலு வருடம் ஆன பிறகும் அக்கா வகுப்பு விட்டு நேரே வீட்டுக்குத்தான் ஓடிவந்தாள். எதற்கு என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருடம் பாடத்திட்டம் மாறியது. பேச்சுதான் முக்கியம் என்றார்கள். இருபத்து மூன்றாம் பாடத்தைத் தூக்கிவிட்டு, இருபதாம் பாடத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, 'பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்' என்று எழுதிவிட்டார்கள். தாடிக்காரரும் தன் பழைய ஏற்பாட்டைக் கைவிட்டார். இனிமேல் ஒரு வகுப்புக்கு ஒரே ஆசிரியர், முதல் பாடத்திலிருந்து கடைசி வரை. ஆனால் வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து ஒவ்வொரு ஆசிரியரையும் பதினைந்து நிமிடம் பிரெஞ்சில் பேசவைத்துப் பார்ப்பார்கள். தேறினால் வகுப்பு. தேறாவிட்டால் கணக்குத் தீர்த்து வழியனுப்பிவிடுவார்கள்.

வேலை போய்விடுமே என்று நான்தான் பதறினேன். அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது.

"ஒரு வகுப்பு முழுசா கெடச்சா, பசங்க பேரெல்லாம் தெரிஞ்சுக்கலாம்ல" என்றாள். நாற்பத்து மூன்று வயதில் அவள் வாயிலிருந்து ஒரு விருப்பம் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒண்ணாம் பாடம் நல்ல மனுஷி. தேர்வில் வரக்கூடிய நாற்பது கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அழகான பதிலும் எழுதிக் கொடுத்தாள். எல்லாம் அன்றாடக் கேள்விகள். அக்கா அதைத் தமிழ் எழுத்தில் எனக்காக எழுதி, கீழே அர்த்தமும் போட்டாள். தினமும் சாயங்காலம் கடை முடிந்து நான் போய் எதிரில் உட்கார வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், அவள் பதில் சொல்வாள். என் உச்சரிப்பைக் கேட்டால் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள், ஆனாலும் அக்கா பொறுத்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் நாற்பதும் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

அப்போதாவது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். என் நாக்கில் சனி.

பதினேழாவது கேள்வி, விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்பது. தோழிகளோடு கடற்கரைக்குப் போவேன், நீந்துவேன், சாயங்காலம் வெளியில் சாப்பிடுவோம் என்று அக்கா மளமளவென்று சொன்னாள். கீழே இருந்த தமிழைப் படித்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எந்தத் தோழிக்கா? ஒனக்கு நீச்சல் எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றேன். "அவங்க துருவிக் கேட்டா என்ன பண்ணுவ? பொய் சொல்லி மாட்டிக்காத. உள்ளத சொல்லு."

அக்கா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்துப் பதினேழாவது பதிலின்மேல் கோடு போட்டாள். இன்னும் சில பதில்களின்மேலும் போட்டாள். நீ சொல்வது சரிதான் என்றாள். சொன்ன புத்தியைக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்படிப்பட்ட முட்டாள் நான்.

தேர்வன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அறைக் கதவில் கண்ணாடி, குரல் கேட்காது, ஆனால் ஆட்கள் தெரிவார்கள். குட்டை முடி வைத்த ஒரு பெண்ணும் வழுக்கைத் தலை ஆள் ஒருவரும் மேசைக்கு அந்தப் பக்கம். முதல் சில நிமிடம் அக்கா நன்றாகவே பேசினாள். கையெல்லாம் அசைத்துப் பேசினாள். எனக்கு உயிர் வந்தது.

பிறகு அந்தப் பெண் எதையோ கேட்டாள். அக்கா வாயைத் திறந்து மூடினாள். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு திரும்பக் கேட்டாள், உதட்டைப் பெரிதாக அசைத்து, மெதுவாக. அக்கா மேசையைப் பார்த்தாள். மூன்றாவது தடவை அந்தப் பெண் கையால் நடித்துக் காட்டத் தொடங்கினாள். புத்தகத்தைப் புரட்டுவதுபோல, நீந்துவதுபோல, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவதுபோல. காது கேளாதவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் காட்டுவதுபோலக் காட்டினாள். வழுக்கைத் தலைக்காரர் எதையோ எழுதிக்கொண்டார். கதவைத் திறந்து உள்ளே போய் நானே பதில் சொல்லிவிடலாமா என்றிருந்தது. என்னவென்று சொல்வேன்?

ஏழாவது நிமிடம் அக்கா வெளியே வந்துவிட்டாள். டயர் கடை வாசலுக்கு வந்த பிறகுதான், கேள்வி புரியவில்லையா என்று கேட்டேன்.

"புரியாம என்ன? வகுப்பு இல்லாத நேரத்துல என்ன பண்ணுவீங்க, யாரப் பாக்கப் போவீங்கன்னு கேட்டாங்க" என்றாள். "வார்த்தை எல்லாம் இருந்துச்சு. சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. பொய் சொல்ல வேணாம்னு நீ சொன்னியேன்னு, உள்ளத யோசிச்சுப் பாத்தேன்."

அக்கா குத்திக் காட்டவில்லை, அவளுக்கு அது தெரியாது. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. 'மிக எளிய கேள்விகளையும் புரிந்துகொள்ளவில்லை' என்று எழுதியிருந்தார்கள். ஊரில் யாருக்கும் புரியாததைப் பத்தொன்பது வருடம் புரியவைத்தவளைப் பற்றி. தாடிக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார், வருத்தப்பட்டுக்கொண்டே கையைக் கழுவினார். ஒண்ணாம் பாடம் அழுதாள், அழுது முடித்துவிட்டு, அந்த வண்ண அட்டைகளைத் தன் வகுப்புப் பலகையில் ஒட்ட எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அக்கா அட்டைகளைக் கொடுத்துவிட்டு, மாத்திரை டப்பாக்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் கடை முடிந்ததும் என் கால் தானாக அக்கா வீட்டுக்குப் போனது. அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பையில் அந்த நாற்பது கேள்விகள் இன்னும் இருந்தன. அக்கா ஜன்னலோரம் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எதையாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை, கடைசியில் அந்தத் தாளில் இருந்த முதல் கேள்விதான் வாயில் வந்தது, தமிழில்.

"இன்னிக்கு என்னக்கா பண்ணின?"

அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை.

"இனிமே எதுக்குடி கேக்கற?" என்றாள். "பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே."