கண்பெட்டிக்குள் குளவி

கண்ணில் மாட்டிக்கொள்ளும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் போன வாரம் மறுபடி கண்டேன். ஓரத்துப் பஞ்சில் ஒரு பிள்ளையின் நகம் பதிந்த தடங்கள் அப்படியே இருந்தன.

சில வருடங்களுக்கு முன், மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். யாரோ அன்பளித்த அந்தப் பெட்டியை மாட்டினால், எதிரே இல்லாத காட்சி நம்மைச் சுற்றிலும் தெரியும். பிள்ளைகள் அதற்குக் கண்பெட்டி என்று பெயர் வைத்தார்கள். முதல் பாடம், தேன்கூட்டின் அறைகள் ஏன் அறுகோணமாக இருக்கின்றன என்பது. தலை சுற்றுமென்று பயந்து நான் அதை ஒருமுறைகூட மாட்டிப் பார்க்கவில்லை.

“மொதல்ல நீங்க போடுங்க சார்.”

“சாருக்குப் பயம்டா!”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்து, முன்வாங்கிலிருந்த பிள்ளைக்கு மாட்டிவிட்டேன். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சிறிது நேரத்தில் அவள் மேசைமேல் கவிழ்ந்தாள். இரு கைகளாலும் பெட்டியைத் தலையோடு அழுத்திக்கொண்டாள். அசைவே இல்லை. “பாருங்கடா, கவனம்னா இதுதான்” என்று மற்றவர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். பாடம் முடியும்வரை விட்டுவைத்தேன்.

கழற்றப் போனால் கைகள் விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தேன். உதடு வெளுத்து, மூச்சில்லாததுபோல் கிடந்தாள். செத்துப்போனாள் என்றே நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: “போயிருச்சா சார்?”

குளவி கலைந்தால் தலையை மூடிக்கொண்டு, அசையாமல் கவிழ்ந்து கிடக்க வேண்டுமென்று தோட்டத்து லயத்து வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். தலையை மூடியிருந்ததைக் கழற்ற அவளுக்கு எப்படித் தோன்றும்?

அழைத்துப்போக வந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “நாந்தான் சார் அசையாதன்னு சொல்லிக் குடுத்தேன்” என்று அழுதார். நான் மாட்டிப் பார்க்காமல் கொடுத்ததைச் சொல்லவில்லை. பெட்டி பழுது என்றேன். எல்லாரும் போன பிறகு மாட்டிப் பார்த்தேன். ஒரு தேனீ முகத்துக்கு நேரே வந்ததும் கழற்றி வீசிவிட்டேன்.

அவள் மறுபடி பள்ளிக்கு வந்தாள். முன்வாங்குக்கு மட்டும் வரவேயில்லை.

போன வாரம் அதே பள்ளியின் புதிய டீச்சர், அந்தப் பெட்டியை வைத்து நடத்தும் பாடத்தைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பிள்ளையும் கூச்சலிட்டுச் சிரித்தது. ஒருவன் மட்டும் அசையாமல் இருந்தான். “கழட்டுங்க டீச்சர், கழட்டுங்க!” என்று கத்திவிட்டேன்.

அவன் பெட்டியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தான். “இப்பதான் சார் நல்லா வந்துச்சு. கெடுத்துட்டீங்களே!”

வகுப்பு அன்றுபோலவே சிரித்தது. பெட்டியை வாங்கி மேசையில் வைத்தேன். விரலை அந்தத் தடங்களிலிருந்து எடுக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.