செம்மண் மேட்டில் அவர் மரங்கள்

முப்பதுகளின் தொடக்கம். உலகம் முழுக்கத் தொழில் படுத்துவிட்ட நேரம். பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம், என் அக்கா வீட்டில் நாங்களும் ஒண்டியிருந்தோம். வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. செங்கல் அறுக்க மேல்மண்ணை வெட்டி வெட்டி எடுத்ததில் அங்கே புல்கூட முளைக்காது. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் சேறு கரைந்து எங்கள் அடுப்பங்கரைக்குள் வந்துவிடும்.

என் கணவருக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் மரக்கன்று வளர்க்கும் வேலை. ஒரு நாள் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிடி கறுப்பு விதைகளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றையும் ஆரஞ்சு நிற நரம்பு ஒன்று சுற்றியிருந்தது.

“நம்ம ஊரு வேலமரத்துச் சாதிதான். முள்ளு மட்டும் இருக்காது. எந்தக் கெட்ட மண்ணுலயும் வருமாம், மண்ணக் கரைய விடாமப் புடிச்சு நிறுத்துமாம். அந்த மேட்டுல போட்டுப் பாப்போம்.”

போடுவதற்குள் அவர் வேலை போனது. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் இலவசம் என்றார்கள். நான் நிறைமாதம். என்னை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். “நீ பெத்துப் பொழச்சு எழு. இங்க வேல திரும்புனதும் ஓடி வந்துர்றேன்” என்று சொல்லிப் போனார். துறைமுகத்தில் அவர் தலை கூட்டத்தில் மறையும்வரை நின்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. சாப்பாட்டுக்கடை பாய் ஒருவருக்கு மசாலா அரைத்துக் கொடுத்துப் பிழைத்தேன். மழை விழுந்ததும் விதைகளில் கொஞ்சத்தை மேட்டில் தூவினேன். ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி தூவினேன். அப்போதும் இல்லை.

அக்கா வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். நாகப்பட்டினத்துக் கப்பல் வரும் நாளெல்லாம் நான் வாசலிலேயே நிற்பேன். அத்தான் தூரத்தில் வரும்போதே முகத்தைப் பார்ப்பேன். “இந்தக் கப்பல்லயும் இல்லம்மா” என்பார். அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டம்.

அப்படி ஒரு நாள் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. மிச்ச விதைகள் இருந்த டப்பாவைப் பின்வாசல் மண்ணில் கவிழ்த்தேன். சோறு வடித்த கொதிகஞ்சியையும் அதன் மேலேயே ஊற்றிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

சில நாள் கழித்து அதே இடத்தில் பச்சையாக ஏதோ கூட்டமாக எழும்பியிருந்தது. களை என்று பிடுங்கப் போனேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

“ஏய், புடுங்காத லா! நீ கொட்டுன விதைதான் இது!”

குனிந்து பார்த்தேன். தோல் வெடித்த கறுப்பு விதை இன்னும் முளையின் நுனியில் ஒட்டியிருந்தது. சூடு பட்டால்தான் அந்தத் தோல் திறக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உடனே அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல அவர் இல்லை.

கன்றுகளைத் தேங்காய்ச் சிரட்டைகளில் வளர்த்து, வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோருமாக மேட்டில் நட்டோம். அந்த மலாய்க்கார அக்கா தன் ஆடுகளைக் கட்டிப்போட்டார். வெயில் மாதங்களில் அரிசி கழுவிய தண்ணீரை ஆளாளுக்குச் சுமந்து ஊற்றினோம். கொஞ்சம் பட்டுப்போயின. மிச்சம் நாங்கள் நினைத்ததைவிட வேகமாக ஓங்கி வளர்ந்தன. சில வருஷங்களில் கூரைக்கு மேல் மஞ்சள் பூவாகப் பூத்தன. கழித்த கிளைகள் எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பிலும் எரிந்தன. மிஞ்சியதை பாய் கடைக்கு வாங்கிக்கொண்டார்.

ஒரு வருஷம் இரவும் பகலும் விடாத மழை. பழக்கத்தில் அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டுச் சேற்றுக்காகக் காத்திருந்தோம். தண்ணீர் வந்தது, தெளிந்த தண்ணீர். மேடு அசையவே இல்லை. நனைந்துகொண்டே வந்து எட்டிப் பார்த்த மலாய்க்கார அக்கா, “உன் புருஷன் மரம், மண்ண விடல பாத்தியா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவர் வரவில்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. என் மகள் அந்த மர நிழலில்தான் ஓடியாடி வளர்ந்தாள், அப்பா முகம் தெரியாமலே. வராத ஒருவருக்காகக் காத்திருக்கும்போதும் கை சும்மா இருக்க வேண்டியதில்லை என்று அந்த மண்ணில் கற்றேன். ஆனாலும் ஒரே ஒரு மத்தியானம், வேலை முடிந்த களைப்போடு அவர் வந்து அந்த நிழலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்க மாட்டாரா என்ற ஏக்கம் மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை.