கனடா இன்சுலினும் காஞ்சிபுரத்து ஊசியும்

காஞ்சிபுரம் வந்து ஒரு வாரமாகிறது. இதுவரை இந்த மருத்துவமனையில் யாரும் என் தம்பியிடம் அவன் பெயரைக் கேட்கவில்லை. ரத்தம் எடுக்க வருகிற பெண், "அப்பா, கைய நீட்டுங்க" என்கிறாள். மாத்திரை கொண்டுவருகிறவளுக்கும் அவன் அப்பாதான். எதிர்க்கட்டிலில் படுத்திருப்பவரும் அப்பா. நான் முப்பது வருடத்துக்கு மேல் செவிலியாக இருந்து ஓய்வுபெற்ற அயர்லாந்தின் கார்க் நகரத்தில், ஒரு பாரசிட்டமால் வேண்டுமென்றாலும் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லியாக வேண்டும். நேற்று கேட்ட அதே செவிலி இன்றும் கேட்பாள். கிழவர்கள் எரிந்து விழுவார்கள், இருந்தாலும் சொல்வார்கள். அங்கே யாரும் யாருக்கும் அப்பா இல்லை. இங்கே கிடைக்கும் பாசத்தைப் பற்றி என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்காகத்தானே எல்லோரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறோம்.

தம்பிக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறார்கள். கொஞ்சம் கூடிப்போனால் ஆளையே சாய்த்துவிடும் மருந்து அது. அதனால்தான் உலகமெங்கும் இரண்டு செவிலியர் தனித்தனியாகச் சரிபார்த்த பிறகே போட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இந்த மருத்துவமனையிலும் அப்படித்தான்; சுவரில் பளபளப்பாக ஒட்டியே வைத்திருக்கிறார்கள். நடைமுறை எப்படியென்றால், மூத்தவள் சுமதி மருந்தை ஊசியில் ஏற்றுவாள். இளையவள் ரேவதி பக்கத்துக் கட்டிலுக்குத் தலையணை சரிசெய்தபடியே சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போடுவாள். பார்க்காமல் போடுகிறாயே என்று இரண்டாம் நாள் கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை.

"சுமதி அக்கா ஏத்தனா கரெக்டாதான்மா இருக்கும். நான் போய் அவங்கள செக் பண்றதா? தப்பா நினைக்கமாட்டாங்களா?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கார்க்கில் சேர்ந்த புதிதில், நோரீன் என்ற ஐரிஷ்காரியோடு எனக்கு வேலை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பரினின் அளவுக் கணக்கைப் போட்டுவிட்டு, நம் ஊர் வழக்கப்படி, "இவ்வளவு வருகிறது, சரிதானே?" என்று அவளிடம் நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடையைச் சொல்லாதே, தள்ளி நில், நானே போட்டுப் பார்க்கிறேன் என்றாள். என் நிறத்தைப் பார்த்துத்தான் என் கணக்கை நம்பவில்லை என்று முடிவு செய்து, போர்வை அடுக்கும் அறைக்குள் போய் நின்று அழுதேன். அதே வார்டில் நோரீனின் சொந்தத் தங்கையும் வேலை பார்த்தாள். ஒருநாள் அந்தத் தங்கையையும் அதே மாதிரி தள்ளி நிற்கச் சொன்னதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மருந்து விஷயத்தில் அவளுக்கு உறவும் கிடையாது, பகையும் கிடையாது.

நேற்றுக் காலை தம்பி மகன் பிரகாஷ் கனடாவிலிருந்து வந்தான். ஐஸ் பையில் இன்சுலின் குப்பிகள். இங்கே கிடைப்பதெல்லாம் கலப்படம், இது அசல் சரக்கு என்று சுமதியிடம் கொடுத்தான். அவளும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். வெளிநாட்டுச் சாமான் என்றால் நம் ஊரில் லேபிளைப் படிப்பதில்லை, தடவித்தான் பார்ப்போம். மதியம் தம்பிக்கு இருபது யூனிட். சுமதி கனடாக் குப்பியிலிருந்து வார்டு ஊசியில் இருபது கோடு வரை ஏற்றினாள். ரேவதி கையெழுத்துப் போட்டாள். தம்பி சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். ஊசி மூடியைப் பார்த்தேன். சிவப்பு.

சிவப்பு மூடி ஊசி, ஒரு மில்லியில் நாற்பது யூனிட் இருக்கும் நம் நாட்டுக் குப்பிக்கானது. கனடாக் குப்பியில் ஒரு மில்லிக்கு நூறு. அந்த ஊசியில் இருபது கோடு ஏற்றினால் உள்ளே போவது ஐம்பது. குப்பியில் குற்றமில்லை, ஊசியிலும் இல்லை. இரண்டும் அதனதன் நாட்டில் உயிர் காக்கிறவை. நான் சுமதியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

லேபிளைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு, வார்டுக் குப்பியிலிருந்து புதிதாக ஏற்றிப் போட்டாள். பேசியதெல்லாம் பிரகாஷ்தான். நான் ஆசையாகக் கொண்டுவந்ததை எல்லார் முன்னாலும் விஷம் என்று சொல்லிவிட்டீர்களே அத்தை என்றான். விஷம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

தம்பி பட்டுக்கடையில் விற்பனையாளனாக இருந்தவன். மச்சான் கடையில் சேலை எடுத்தாலும் சரிகையைச் சுரண்டி, அசலுக்கு அடையாளமான சிவப்பு நூல் உள்ளே தெரிகிறதா என்று பார்க்கிற ஊர் இது. அவனே வாடிக்கையாளர்களிடம், என்னை நம்பாதீங்க, சுரண்டிப் பாருங்க என்று சொல்லித்தான் வியாபாரம் செய்வான். அதை அவனிடம் சொன்னேன். உன் உயிர் சரிகையைவிட மட்டமா என்றும் கேட்டேன். அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். சாயங்காலம் பிரகாஷ் டீ வாங்கப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னான்.

"நீ சொன்னது சரிதான்க்கா. இல்லன்னு சொல்லல. ஆனா நீ பத்து நாள்ல பிளைட் ஏறிடுவ. நான் இவங்க கையிலதான் இருக்கணும். அந்தப் பொண்ணு அப்புறம் என் மூஞ்சியவே பாக்கல. நாளையிலேர்ந்து ஊசி போடறப்ப நீ வெளிய உக்காருக்கா."

நான் எதை எதையோ சொல்லியிருக்கலாம். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எப்படி எழுதுவது, எந்தச் சொற்களில் எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதினால் சுமதிக்கு வேலை போகும், விதி சுவரிலேயே இருக்கும். தம்பி சொன்னதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. பத்து நாளில் நான் பிளைட் ஏறத்தான் போகிறேன்.

இன்று மதியம் நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மருந்துத் தள்ளுவண்டி என் முழங்காலை உரசிக்கொண்டு உள்ளே போனது. கதவைச் சாத்தினார்கள். "அப்பா, சட்டையத் தூக்குங்க" என்று சுமதி சொன்னது கேட்டது. பிறகு, "இருபது" என்றாள். இன்னொருத்தி குப்பியைப் பார்த்து, ஊசியைப் பார்த்து, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே யாரும் சொல்லவில்லை. சாத்திய கதவைப் பார்த்தபடி வெளியிலிருந்து அந்த இருபதை நான் திருப்பிச் சொன்னேன், ஆங்கிலத்தில், எனக்கே கேட்காத குரலில்.