ஸ்டெல்லா அக்கா வேனில் ஏறவில்லை

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்.

டெங்கு. நேற்றுக் காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய தம்பி போட்ட இரண்டு வரி. இன்று மதியம் அடக்கம் முடிந்தது.

நான் இங்கே சொந்த விஷயங்கள் எழுதுவதில்லை. இன்று எழுத வைத்தது, அஸ்தினாபுரத்தில் அக்கா வீட்டு வாசலில் காதில் விழுந்த ஒரு பேச்சு.

"வெயில்னு பாக்காம சைக்கிள் மிதிச்சா உடம்பு எதுக்கு ஆகும்? நாங்கல்லாம் எவ்ளோ சொன்னோம்..."

சொன்னவருக்குப் பின்னால் ஒரு காலி மனை. மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. துக்க வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன். அக்காவைக் கொன்றது கொசு. சைக்கிள் இல்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு... குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் அவர்தான் 'ஸ்வீப்'. அதாவது எல்லாருக்கும் பின்னால் வருபவர். கடைசி ஆளை முந்தக் கூடாது, தனியாக விடவும் கூடாது. அதுதான் வேலை.

"எப்படியும் நான்தான் கடைசியா வரப்போறேன். அதுக்கு ஒரு போஸ்ட்டிங் குடுத்தா வேணாம்னா சொல்லுவேன்?"

கோவளம் போனால் மீன் வாங்காமல் திரும்ப மாட்டார். பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வண்டலூர் வரை மிதிப்பார். நாறுது அக்கா என்று யாராவது சொன்னால், "எனக்குப் பின்னாடிதான் யாருமே இல்லையே, யாருக்கு நாறுது?"

ஒரு நாள் வழியில் நாய்கள் துரத்தின. அன்று மட்டும் அவர் எங்கள் எல்லாரையும் விட வேகமாக வந்தார்.

என் முதல் மலை ஏலகிரி. எங்கள் பக்கத்தில் சைக்கிளுக்கு ஏற்றம் என்றால் பெருங்களத்தூர் மேம்பாலம்தான். ஒரு மாதம் விடியற்காலையில் அதிலேயே ஏறி இறங்கி, ஏறி இறங்கி... மலைக்குத் தயாராகிவிட்டேன் என்று நம்பினேன்.

பாலத்தில் ஏறினால் அந்தப் பக்கம் இறக்கம் வரும். மலையில் வரவில்லை.

மூன்றாவது வளைவில் காலையில் தின்ற இட்லி வெளியே வந்தது. முன்னால் போனவர்களின் பேச்சுச் சத்தம் தலைக்கு மேல் எங்கோ கேட்டது, பிறகு அதுவும் நின்றது. எனக்குப் பின்னால் அக்காவின் மூச்சு. அதற்கும் பின்னால், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன்.

டிரைவர் சேகர் அண்ணன் தலையை நீட்டினார். "இன்னாம்மா, ஏறிக்கிறியா? ஏசி போட்டு வெச்சிகீறேன்."

சைக்கிளைத் தடுப்புச் சுவரில் சாய்த்துவிட்டு வேன் கதவில் கை வைத்தேன்.

"ஏறாத."

அக்கா ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்து கிடந்தார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

"முடியலக்கா."

"எனக்கு மட்டும் முடியுதா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கடைசி ஆள் ஏறிவிட்டால் வேன் நேராக மேலே போய்விடும். மலைச்சாலையில் ஒருவரைத் தனியாக விடக் கூடாது என்பதால் ஸ்வீப்பும் கூடவே ஏறியாக வேண்டும்.

"மூணு தடவ வந்துட்டேன் இந்த மலைக்கு. மூணு தடவையும் எவனாவது பாதில ஏறிடுறான், நானும் வேன்ல போய் இறங்குறேன். நீ இப்ப ஏறினா நாலாவது. மரியாதையா தள்ளிக்கிட்டாவது நட."

தேற்றவில்லை. தட்டிக்கொடுக்கவில்லை. திட்டினார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு வளைவு ஏறிவிட்டேன்.

பிறகு தள்ளினோம். கொஞ்சம் சமமாக இருந்த இடத்தில் மிதித்தோம். மறுபடி தள்ளினோம். வேன் ஊர்ந்துகொண்டே வந்தது.

"ரெண்டு பேரும் லூசாம்மா? ஃபர்ஸ்ட் கியர்லயே வந்துகினு கீறேன். வண்டி சூடாவுது!"

"ஹார்ன் அடிச்சீங்க, நடு ரோட்ல படுத்துடுவேன் அண்ணா," என்றார் அக்கா.

ஒரு கடலைமிட்டாயை உடைத்து எனக்குக் கொடுத்தார். பெரிய துண்டை அவரே வைத்துக்கொண்டார்.

ஊர்ப் பலகை கண்ணில் பட்டதும் நான் நின்றேன். "நீங்க முன்னாடி போங்கக்கா. நாலாவது தடவ வர்றீங்க."

"ஸ்வீப் முந்தக் கூடாது. போ, போ... எனக்குக் கால் இழுக்குது."

மேலே எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். குரூப் போட்டோ முடிந்து, பேனரைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"தள்ளிக்கிட்டு வந்ததெல்லாம் கணக்குல வராது சிஸ்டர்," என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே.

"ஏன், சைக்கிள் தானா நடந்து வந்துச்சா?" என்றார் அக்கா. சிரிக்காமல்.

பேனரைத் திரும்பப் பிரிக்க வைத்தார். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டோம். சேகர் அண்ணன்தான் எடுத்தார். இந்தப் பதிவில் இருக்கும் படம் அதுதான். ஓரத்தில் தெரிவது அவருடைய விரல். பேனர் தலைகீழாக இருப்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "இனிமே அந்த சைக்கிள் உனக்கு வேணுமா?"

"வேணும்."

டயரில் காற்று குறைவாக இருந்தது, அடித்து வைத்தேன்.

கடைசி ஆள் இன்னும் ரோட்டில் இருக்கும்போது ஸ்வீப் முந்தக் கூடாது. நீங்கள் சொன்ன சட்டம்தான், அக்கா. நீங்களே மீறிவிட்டீர்கள்.

சரி, போங்கள். நான் மெதுவாகத்தான் வருவேன்... தள்ளிக்கொண்டுதான் வருவேன்.

வேனில் ஏற மாட்டேன்.