ஜெனி வாய் திறந்த நாள்

ஜெனிக்குத் திக்குவாய். என் கடையில் எப்போதும் விரலைக் காட்டித்தான் ஃபாக்டரி வேலைக்கான சேஃப்டி ஷூ வாங்குவாள். இன்று வாயைத் திறந்தாள்.

"ஆ... ஆறாம் நம்பர் கொடுங்க அண்ணாச்சி. நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நெனச்சிக் கெடந்தேன். இயேசப்பா அப்படி நெனைக்கல. ஞா... ஞாயித்துக்கிழமை சபையில சாட்சி சொல்லணும். அதான் பேசிப் பழகுதேன்."

பின்னால் நின்ற அவளுடைய சூப்பர்வைசர் அவளைப் போலவே திக்கிக் காட்டினார். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னாமா, நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த ஷிஃப்ட்டே வந்துடும்!"

"வ... வரட்டும் சார். இயேசப்பாவுக்கு ஷி... ஷிஃப்ட் கிடையாது. உக்காந்து கேப்பாரு."

கையுறை வாங்க வந்த சூப்பர்வைசர், விரலைக் காட்டித்தான் வாங்கிப் போனார்.

நமக்கும் சர்ச்சுக்கும் ரொம்ப தூரம். ஆனாலும் ஞாயிறு ஷட்டரை இறக்கிவிட்டு, ஜெனி பேசுவதைக் கேட்கப் போகிறேன். அந்த சூப்பர்வைசரையும் கூப்பிடட்டுமா?